விளாடிமிர் கோடாருக்கு எழுபது: மார்ச் கச்சேரிகள் பற்றிப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். வரும் மார்ச் 16, திங்கட்கிழமை, இசையமைப்பாளர் விளாடிமிர் கோடாருக்கு எழுபது வயது நிறைகிறது. 1956-இல் ஸ்லோவாக்கியத் தலைநகரான இதே பிராட்டிஸ்லாவாவில் பிறந்தவர். இங்கேயே கன்சர்வேட்டரி என்னும் இசைப் பள்ளியில் படித்தவர். அவரை வாழ்த்தி நம் கலைப் பள்ளி மார்ச்சில் மூன்று கச்சேரிகள் நடத்துகிறது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அரைகுறையாகச் சொல்லியிருப்பார்கள். முழு விவரமும் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு ஏற்பாடு என்று கேட்பவர்கள் கீழ்த்தள நடைவழியில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் இசையமைப்பாளரை வரையச் சொன்னோம். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளை விக் வைத்த தாத்தாவையே வரைந்திருக்கிறார்கள். டிராமுக்குக் காத்து நிற்கிறவரையோ, கடையில் ரொட்டி வாங்குகிறவரையோ ஒருவரும் வரையவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நம் ஊர் அப்படி. மொசார்ட் ஆறு வயதில் 1762-இல் வந்து வாசித்துவிட்டுப் போன ஊர். பியானோ மேதை லிஸ்ட் ஒன்பது வயதில் 1820-இல் வாசித்த ஊர். க்ளோபுச்னீட்ஸ்கா தெருவில் இசையமைப்பாளர் ஹம்மல் பிறந்த வீட்டை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். இத்தனை நினைவுப் பலகைகளுக்கு நடுவே வளரும் பிள்ளை, இசை எழுதுவது என்றோ முடிந்துபோன வேலை என்று நினைத்துக்கொள்கிறது. இந்த ஊரில் இன்றும் ஒருவர் எழுதுகிறார், அவருக்குப் பிறந்தநாள் வருகிறது, அவர் எழுதியதை நாமே வாசிக்கலாம் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்த மூன்று கச்சேரிகளும்.

கோடார் என்ற பெயர் புதிதாக இருந்தாலும் அவர் இசை உங்களில் பலருக்குப் பழக்கம்தான். மார்ட்டின் ஷூலிக் இயக்கிய 'ஸாஹ்ரதா' (1995) திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், அதற்கு இசை அவருடையது. 'ஓர்பிஸ் பிக்டுஸ்' (1997) படத்துக்கும் அவரே. இவா பிட்டோவா பாடிய 'மாதெர்' இசைத்தட்டு 2006-இல் ம்யூனிக்கின் ஈ.சி.எம். இசைத்தட்டு நிறுவனம் வழியாக உலகெங்கும் போனது. முழுக்கத் தாயைப் பற்றிய இசை. இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி), ஸ்லோவாக், லத்தீன், ஆங்கிலம் என்று மொழி மாறிக்கொண்டே இருக்கும். துணைக்கு வாசிப்பவர்கள் பரோக் காலத்து வாத்தியங்களை வைத்திருக்கும் நம் 'சொலமென்டே நாத்துராலி' குழுவினர். வீட்டில் ஒரு மாலை, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், பிள்ளையோடு உட்கார்ந்து அதைக் கேளுங்கள். கச்சேரிக்கு அதைவிட நல்ல தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

முதல் கச்சேரி பிறந்தநாள் அன்றே, மாலை 5 மணிக்கு, நம் அரங்கில். பெரிய மாணவர்கள் இரண்டு வயலின்களுக்காக அவர் எழுதிய இசையை வாசிக்கிறார்கள். பியானோ ஆசிரியர் ஒருவரும் செல்லோ ஆசிரியர் ஒருவரும் ரஷ்ய இலக்கிய அறிஞர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி நினைவாக அவர் 1985-இல் எழுதிய சொனாட்டாவை வாசிக்கிறார்கள். முடிவில் 'எம்மெலேயா' (1994): வயலின் ஆசிரியர் முன்னால் நிற்க, பிள்ளைகளின் கம்பி வாத்தியக் குழு பின்னால்.

இந்த 'எம்மெலேயா' பற்றிச் சில பெற்றோர் என்னிடம் வந்து பேசினார்கள். "என் மகள் போன வருடமே வேகமான கான்செர்டோ வாசித்தாள், இப்போது நீளநீளமாக நாலு சுரம் இழுக்கிறாள், இதில் என்ன கற்றுக்கொள்கிறாள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒத்திகையில் பார்ப்பதைச் சொல்கிறேன். வேகமாக வாசிக்கும்போது விரல் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த சுரம் வந்து மூடிவிடும். மெதுவான ஒரு சுரத்தில் ஒளிய இடமே கிடையாது. கடைசி வரிசை செல்லோவில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். முதல் வாரம் வில்லின் முக்கால் பங்கை முதல் இரண்டு எண்ணிக்கையிலேயே செலவழித்துவிடுவான். மிச்சமிருக்கும் நுனியை வைத்துக்கொண்டு சுரத்தை இழுக்கப் பார்ப்பான். வில் நடுங்கும், சுருதி இறங்கும், தோள் காதுவரை ஏறும். இப்போது அடிவில்லில் தொடங்கும்போதே மூச்சை மெல்ல விடுகிறான். பக்கத்தில் இருப்பவளின் வில் எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து, தன் வில்லையும் அதே இடத்தில் வைத்துக்கொள்கிறான். பன்னிரண்டு பேர் இப்படி ஒருவரையொருவர் பார்த்து ஒரே சுரத்தைப் பிடிப்பதற்கு எந்த வேகப் பயிற்சியும் ஈடாகாது. தயவுசெய்து வீட்டில் "இது சுலபமானது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அதை நம்பிவிடும்.

அப்புறம் நகல் விஷயம். இசைப் பிரதியைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை வேண்டாம். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1945-இல் இறந்தார், எழுபது ஆண்டு கழிந்து பதிப்புரிமை முடிந்ததால் 2016 முதல் அவர் படைப்புகள் இங்கே பொதுச்சொத்து. கோடார் நம்மோடு இருப்பவர், இது அவர் உழைப்பு, அவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும். பிரதிகளை முறைப்படி வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி உண்டு, பென்சிலால் மட்டும் குறிக்கலாம். தொலைந்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், வேறு தருவோம்.

இரண்டாவது, மார்ச் 20, வெள்ளி மாலை 6 மணிக்கு, தாலாட்டு மாலை. இதில் உங்கள் உதவி தேவை. செக் கவிஞர் யான் ஸ்காட்செலின் வரிகளுக்கு கோடார் தாலாட்டுகள் அமைத்திருக்கிறார். அவற்றை நம் பாட்டு ஆசிரியரும் புல்லாங்குழல் ஆசிரியரும் மற்றவர்களும் சேர்ந்து தருகிறார்கள். 'மாதெர்' இசைத்தட்டிலும் தாலாட்டுகள் உண்டு. அவற்றை ஒட்டி, நம் வீடுகளில் பாடும் தாலாட்டுகளையும் மேடைக்குக் கொண்டுவர நினைக்கிறோம். ஸரிஷ், கெமெர் போன்ற நம் நாட்டுப் பகுதிகளிலிருந்து வந்த பாட்டி பாடியது, ஹங்கேரிய மொழியிலோ ரோமானி மொழியிலோ உள்ளது, வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பத்தினர் தங்கள் மொழியில் பாடுவது, எதுவானாலும் சரி. தாத்தா பாட்டியைப் பாடச் சொல்லி ஃபோனில் பதிவு செய்து மார்ச் 6-க்குள் வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். குரல் நன்றாக இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். சொல் மறந்துபோன இடத்தில் முனகினாலும் போதும். விருப்பமுள்ளவர்கள் அன்று மேடையில் பாடலாம். இந்த மாலையைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மார்ச் 27, வெள்ளி மாலை 5 மணிக்கு. மறுநாள் 28 ஆசிரியர் தினம், அதாவது பதினேழாம் நூற்றாண்டுக் கல்வியாளர் கொமேனியஸின் பிறந்தநாள். கோடார் 1984-இல் எழுதிய பெரிய ஓரடோரியோ (நடிப்பில்லாமல் மேடையில் பாடும் நீண்ட இசைப் படைப்பு) கொமேனியஸின் 'ஓர்பிஸ் சென்சுவாலியும் பிக்டுஸ்' என்ற பாடநூலை எடுத்துக்கொண்டது. 1658-இல் நூரென்பெர்க்கில் அச்சான அந்த நூல், குழந்தைகளுக்குப் படம் காட்டிப் பாடம் சொன்னது. பாடகர், கோரஸ், முழு ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கேட்கும் அந்தப் படைப்பை நம்மால் மேடையேற்ற முடியாது. அதன் ஒரு பகுதியை ஒலிப்பதிவில் கேட்போம். பிறகு ஆரம்ப வகுப்பினர் கொமேனியஸின் ஒலி அரிச்சுவடியைச் சொல்வார்கள்: காகம் ஆ ஆ, ஆட்டுக்குட்டி பே பே, காற்று ஃபி ஃபி, ஓநாய் லு உலு. ஓநாய்க்கு மட்டும் ஏழு பேர் போட்டி போட்டதால் ஏழு ஓநாய்கள் வைத்துவிட்டோம். நடுநிலை வகுப்பினர் அந்த நூலின் படங்களில் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு நிமிட இசை தாங்களே எழுதி வாசிக்கிறார்கள். கோட்டுத்தாளில் அழித்து அழித்து எழுதிய பிரதிகள் நடைவழியில் அந்த விக் வைத்த தாத்தாக்களுக்குப் பக்கத்தில் தொங்கும். வந்து பாருங்கள்.

மூன்றுக்கும் அனுமதி இலவசம். உரைகள் எதுவும் வைக்கவில்லை. பிறந்தநாள்காரரை அவர் இசையை வாசித்து வாழ்த்துவதே முறை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாது. சின்னத் தம்பி தங்கைகளையும் அழைத்து வாருங்கள், அழுதால் வெளியே தூக்கிப்போய்விட்டுத் திரும்ப வரலாம். வீடியோ எடுக்க வேண்டாம். பள்ளி ஒலிப்பதிவு செய்யும், பிறகு கேட்க வகை செய்கிறோம்.

வாசிக்கும் பிள்ளைகள் அரை மணி முன்னதாக வர வேண்டும். கருப்பு மேலாடை, உள்ளே போடும் காலணி. செல்லோக்காரர்கள் செல்லோவின் அடி ஊசி தரையில் வழுக்காமல் இருக்கும் பட்டையை மறக்காமல் எடுத்து வரட்டும். கடைசி ஒத்திகை மார்ச் 13, மாலை 4 மணி.

அன்புடன்,
தலைமையாசிரியர்