மரத்தை வெட்டினால் மட்டும் புல்வெளி வராது

ஐயா,

பழனி மலையில் அயல் மரங்களான சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை அகற்றிப் புல்வெளிகளை மீட்பது பற்றிய செய்தியைப் படித்தேன். வருங்காலத் தலைமுறைக்கான காலநிலை நடவடிக்கை என்று இதைச் சொல்வது சரிதான். மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடுவதும், கரிமத்தை மண்ணுக்குள் சேர்த்துவைப்பதும் இப்புல்வெளிகளே. ஆனால், மரத்தை வெட்டி லாரியில் ஏற்றியதும் வேலை முடிந்ததாகக் கணக்கெழுதிவிடக் கூடாது. சீகை விதையின் ஓடு கெட்டியானது. மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நிழல் விலகி மண் சூடேறினாலோ, கழித்த கிளைகளைக் குவித்துத் தீயிட்டாலோ அடுத்த மழைக்கே கீரைப்பாத்தி போல நெருக்கமாக முளைத்துவிடும். முழங்கால் உயரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். விட்டுவிட்டால் அரிவாள்தான், செலவும் பல மடங்கு.

எல்லா இடத்திலும் வெட்டுவதும் தவறு. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளுக்கு அடியில் சோலை (இம்மலையின் இயற்கையான காடு) மரக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. அங்கே மொட்டையடித்தால் நிழலுக்குப் பழகிய அக்கன்றுகள்தான் முதலில் காயும். எனவே, எஞ்சியுள்ள புல்வெளியின் ஓரங்களில் நுழையும் இளஞ்சீகையிலிருந்து பணியைத் தொடங்கலாம். வெட்டும் ஒப்பந்தத்திலேயே குறைந்தது 5 ஆண்டுகளுக்குச் சீகை நாற்றுகளைப் பிடுங்கும் கூலியையும், உள்ளூர்ப் புல்தூர்கள் நடும் செலவையும் சேர்த்து, கடைசித் தவணையை அதன் பிறகே வனத்துறை விடுவிக்க வேண்டும்.

- வாசகர், கொடைக்கானல்