ஹைட்டிக்குத் தர வேண்டிய மன்னிப்பு

வர்ஜீனியா பீச் கிறிஸ்டியன் பிராட்காஸ்டிங் நெட்வொர்க் நிர்வாகிகளுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

உங்கள் நிறுவனர் பேட் ராபர்ட்சன் 2023 ஜூனில் 93 வயதில் மறைந்தார். அவருடைய உழைப்பைச் சிறுமைப்படுத்த நான் எழுதவில்லை. மூடிக் கிடந்த ஒரு சின்ன டிவி நிலையத்தை வாங்கி 1961இல் ஒளிபரப்பைத் தொடங்கியவர் அவர். மாதம் 10 டாலர் கொடுக்க 700 பேர் வேண்டும் என்று கேட்டதில்தான் உங்கள் நிகழ்ச்சிக்கு '700 கிளப்' என்ற பெயரே வந்தது. 2020 தேர்தலுக்குப் பின், டிரம்ப் நிஜ உலகத்தில் இல்லை என்று தன் நேயர்களிடமே சொல்லும் துணிச்சலும் அவருக்கு இருந்தது.

நான் பேச வந்தது 2010 ஜனவரி 13 பற்றி. முந்தின நாள் மாலைதான் ஹைட்டியில் பூமி அதிர்ந்திருந்தது. இடிபாடுகளுக்குள் பலர் உயிரோடு சிக்கிக் கிடந்த நேரம். அப்போது அவர் உங்கள் நிகழ்ச்சியில், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட அந்த மக்கள் பிசாசோடு உடன்படிக்கை செய்தார்கள், அன்றுமுதல் சபிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். மூன்றாம் நெப்போலியன் காலம் என்றும் சொன்னார். அந்த நெப்போலியன் பிறந்ததே 1808இல். ஹைட்டி 1804இலேயே விடுதலை பெற்றுவிட்டது. ஒரு ஜனத்தையே சபிக்கப்பட்டது என்று சொல்லுமுன் அதன் சரித்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? கரும்புத் தோட்டங்களில் சவுக்கடி பட்ட அடிமைகள் எழுந்து நின்ற வரலாறு அது. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டதைப் பிரசங்கிக்கிற நாம், இதைப் பிசாசின் கணக்கில் எழுதலாமா? அந்த நாட்டை நசுக்கியதில் பெரும் பங்கு, தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்தவர்களுக்கு நஷ்டஈடாக 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பிக் கேட்ட 15 கோடி பிராங்குக்கு உண்டு.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள்தான் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. தமிழ்நாட்டுக்காரியான எனக்கு அந்த வசனம் நெருக்கமானது. 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு காலை, வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்தவர்களைக் கடல் கொண்டுபோனது. அவர்களைச் சபிக்கப்பட்டவர்கள் என்று ஒருவர் டிவியில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போமா?

வெனிசுலா அதிபர் சாவேஸைக் கொல்லலாம் என்று 2005இல் பேசிவிட்டு அவர் மன்னிப்புக் கேட்டார். 2006இல் இஸ்ரேல் பிரதமர் ஷரோனின் பக்கவாதத்தைத் தேவ தண்டனை போலப் பேசினார். அப்புறம் ஷரோனின் மகனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஹைட்டிக்கு வந்தது உங்கள் விளக்க அறிக்கை: 1791 அடிமைக் கிளர்ச்சி பற்றிய கதையைத்தான் குறிப்பிட்டார், நிலநடுக்கம் தேவ கோபம் என்று சொல்லவில்லை என்று. அதிபருக்கும் பிரதமர் குடும்பத்துக்கும் மன்னிப்பு, இடிபாட்டில் பிள்ளையைத் தேடியவளுக்கு வெறும் விளக்கம். எனக்கு ஆறாதது இதுதான்.

உங்கள் நிவாரண அமைப்பான ஆபரேஷன் பிளெஸ்ஸிங் அங்கே நிவாரணம் செய்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அதற்காக அந்தச் சொல் இல்லாமல் போய்விடாது.

அதே 700 கிளப்பில், ஹைட்டி மக்களின் கிரியோல் மொழியிலும், அது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவர் நிறுவிய ரீஜன்ட் பல்கலைக்கழகத்தில் வேதம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒளிப்பதிவை மறைக்காமல் போட்டுக் காட்டுங்கள். லூக்கா 13ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவரால் இனி அதைச் செய்ய முடியாது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு சகோதரி