பப்பை மூடுகிறார்கள், சீக்கிரம் பதில் போடு

டட்லி, இங்கிலாந்து
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

கல்யாணப் பத்திரிகை வந்தது. இங்கே எல்லோரும் நலம், என் வீட்டுக்காரிக்கு முட்டி வலி தேவலை. பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் 'உயர்திரு' என்று இருப்பதை ஃபோனில் குண்டுவிடம் சொன்னேன். ஹாஸ்டல் மொட்டைமாடி சம்பவத்தை அச்சடித்துக் கல்யாண மண்டபத்தில் விநியோகிப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஜாக்கிரதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருமுனைப் பப்பை மூடப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், அதை நடத்துகிறவர் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றபடி எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவை சொன்னார். குத்தகையைப் புதுப்பிக்கப் போவதில்லையாம், கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பெனி அதை விற்கப் போகிறதாம். சொல்லிவிட்டு கிளாஸ் துடைக்கப் போய்விட்டார். டோமினோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் அதற்குப் பிறகு ஆட்டத்தைத் தொடரவே இல்லை.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், "அங்கே போய் அப்படி என்னதான் செய்வாய், வீட்டிலேயே குடித்தால் ஆகாதா" என்று. நம் நண்பன் பாட்டுக்காரன் குடியால் செத்துப்போன பிறகு மதுவைப் பற்றி நீ நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நீயும் வாத்தியாரும்தான். அதனால்தான் இதை உனக்கு மேலோட்டமாக எழுத மனம் வரவில்லை. பொறுமையாகப் படி.

முதலில் பீர். ஐஸ் மாதிரி ஜில்லென்று, மூக்கில் வாயு ஏற ஏறக் குடிப்பார்களே, அது இல்லை. கேஸ்க் ஏல் உயிரோடு இருக்கிற பீர். வடிகட்டியும் சூடாக்கியும் ஈஸ்ட்டைக் கொல்லாமல் அப்படியே பீப்பாயில் நிரப்பி அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். நம் தோசை மாவு மாதிரிதான், அரிசி எந்தக் கடையில் வாங்கியது என்பதைவிட யார் கரைத்து எங்கே வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். பீப்பாயின் மேல் துளையில் முதலில் ஒரு மெத்தென்ற மர ஆப்பைச் செருகுவார்கள், வாயு அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். போதும் என்று தோன்றியதும் கெட்டி ஆப்பை வைத்து அடைத்துவிட வேண்டும். எப்போது போதும் என்பதை நிலவறைக்காரர்தான் காதையும் கண்ணையும் வைத்துத் தீர்மானிக்கிறார். அறையில் 12 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி இருந்தால் போதும். மேலே இருக்கிற கைப்பம்பு வெறுமனே இறைக்கத்தான், வாயு எதையும் உள்ளே செலுத்துவதில்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள் இரண்டு பப்புகளில் இரண்டு விதமாக ருசிக்கும். அதனால் பீரை வைத்து நான் ஆலையை எடைபோடுவதில்லை, நிலவறையில் இருக்கிற ஆளைத்தான் எடைபோடுகிறேன்.

எங்கள் பப் செத்ததும் இந்த இடத்தில்தான். ஃபர்கின் என்கிற பீப்பாயில் 9 கேலன், அதாவது 72 பைன்ட் பிடிக்கும் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்). இறைக்க ஆரம்பித்ததும் வெளிக்காற்று உள்ளே போகும், மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் முதலில் சப்பென்று ஆகும், அப்புறம் காடி வாடை வரும். கூட்டம் இருக்கிற இடத்தில் 72 பைன்ட் ஒரே சாயங்காலத்தில் காலியாகிவிடும். கூட்டம் குறைந்தால் நாலாம் நாளும் அதே பீப்பாய்தான். அன்றைக்கு முதல் தடவையாக வருகிறவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பான், மறுபடி வரமாட்டான். அவனும் வராததால் அடுத்த பீப்பாய் இன்னும் மெதுவாகத் தீரும். எங்கள் ஆள் கெட்டுப்போனதை விற்க மாட்டார், பாதிப் பீப்பாயை அப்படியே சாக்கடையில் ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன். நாலு கைப்பம்பு இரண்டாகி, இரண்டு ஒன்றானது. அதே நேரத்தில் கட்டடத்தின் சொந்தக்காரக் கம்பெனியிடம்தான் பீர் வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலைதான், வாடகையும் தனி. குத்தகைக்காரர்களைக் காப்பாற்ற 2016இல் ஒரு சட்டவிதி வந்தது, ஆனால் அது 500 குத்தகைப் பப்புகளாவது வைத்திருக்கிற பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான். இவருடைய கம்பெனி அந்த அளவுக்குப் பெரியதில்லை.

நீ மகனைப் பார்க்க லண்டன் வரும்போது இரண்டு நாள் எனக்குத் தந்தே ஆக வேண்டும். லண்டன் பப்புகளைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். ஹோல்பர்னில் பிரின்சஸ் லூயிஸ் என்று ஒன்று, செதுக்கிய கண்ணாடியும் மரத்தடுப்புகளுமாக விக்டோரியா காலத்து அழகு அப்படியே இருக்கிறது, உன் மகனை அங்கே கூட்டிப்போகச் சொல். ஆனால் சாப்பாடு கேட்கும்போது கவனம். 'பை' (pie) என்கிற மாவுப் பலகாரம் என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மேலே ஒரு மாவு மூடியைப் போட்டுக் கொண்டுவந்து வைக்கிற பழக்கம் நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. பை என்றால் அடியிலும் சுற்றிலும் மாவு இருந்தே தீர வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசத்துக்குத் தயாராக இல்லை.

எங்கள் பக்கம், பர்மிங்ஹாமை அடுத்த பழைய ஆலைப் பகுதியான இந்த பிளாக் கன்ட்ரியில், நல்ல பப்பின் சாப்பாடு பெரும்பாலும் ஒரு காப்தான். மொறுமொறுப்பான உருண்டை ரொட்டி, நடுவே தடிமனாக வெட்டிய சீஸ், பச்சை வெங்காயம், அவ்வளவுதான். நீ சைவம், உனக்கு அது போதும். செட்ஜ்லியில் பீக்கன் ஹோட்டலில் உனக்கு வாங்கித் தருகிறேன். பெயர்தான் ஹோட்டல், உண்மையில் பப். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த இடங்களில் அதற்குத்தான் முதலிடம். நடுவே சின்னக் கூண்டு மாதிரி பரிமாறும் இடம், அதைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்ன ஜன்னல். குனிந்து அதற்குள் முகத்தைக் காட்டித்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் பரிமாறுகிறவர் எல்லா அறையையும் கவனிக்கலாம், ஒரு அறைக்காரர் அடுத்த அறைக்காரரைப் பார்க்க முடியாது என்ற ஏற்பாடு. பின்கட்டில் சின்ன ஆலை. சாரா ஹியூஸ் என்கிற அம்மாள் நடத்தியது, இடையில் நின்றுபோய், 1987இல் பேரன் மறுபடி தொடங்கினார். டார்க் ரூபி மைல்ட் என்று அங்கே ஒன்று காய்ச்சுகிறார்கள், கருஞ்சிவப்பு, உலர்திராட்சை வாசம், பலம் 6 சதவீதம். நான் அரை பைன்ட்தான் வாங்குவேன், அதை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பேன். அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லை. பாட்டு கிடையாது, பெரிய டிவி கிடையாது. பேச்சுச் சத்தம்தான்.

பிரையர்லி ஹில்லில் வைன் என்று ஒன்று, பேத்தம்ஸ் என்கிற பீர் ஆலையின் பப். ஊரார் அதை புல் அண்டு பிளாடர் என்றுதான் சொல்வார்கள். முகப்பு முழுக்க, நல்ல ஏல் காய்ச்சுகிறவரை வாழ்த்துகிற ஷேக்ஸ்பியர் வரியைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆலை பக்கத்திலேயே இருப்பதாலும் கூட்டம் ஓயாததாலும் பீப்பாய் பழசாக அவகாசமே இல்லை. அப்புறம் நெதர்ட்டனில் ஓல்டு ஸ்வான். கூரையில் வெள்ளை எனாமல் தகடுகள், நடுவில் ஒரு அன்னம். சொந்தமாகக் காய்ச்சுகிற பப்புகள் 1970களின் தொடக்கத்தில் நாடு முழுக்க நாலே நாலுதான் மிஞ்சியிருந்தன, அதில் இது ஒன்று. அந்தச் சமயத்தில்தான், 1971இல், நாலு பேர் சேர்ந்து கேம்ரா என்கிற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் உயிருள்ள பீரை ஒழித்துவிட்டு வாயு ஏற்றிய பீரைத் திணித்த காலம். அவர்கள் சண்டை போட்டிராவிட்டால் இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். இந்தப் பப்புகள் நம்மைப் போன்றவர்களை உள்ளே விடாத காலம் இருந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்மெதிக். வார்ப்பட ஆலைகளில் வேலை பார்த்த பஞ்சாபிகள் ஷிஃப்ட் முடிந்து தாகத்தோடு போனால், சில பப்புகளில் நல்ல அறையில் அவர்களுக்குப் பரிமாற மாட்டார்கள். அவ்தார் சிங் ஜோலும் இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களும் வேண்டுமென்றே உள்ளே போய் உட்கார்ந்து போராடினார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக் வந்தபோது அவரை ப்ளூ கேட்ஸ் பப்புக்குக் கூட்டிப்போனார்கள், அவருக்கும் அதே மறுப்புதான். அதற்கு ஒன்பதாம் நாள் நியூயார்க்கில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. பிறகு நடந்ததைக் கேள். ஆலைகள் மூடி, கூட்டம் போய், பப்புகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கியபோது, அந்தப் பஞ்சாபிகள் சிலரும் அவர்கள் பிள்ளைகளும்தான் அவற்றை எடுத்து நடத்தினார்கள். இன்றைக்கு வெஸ்ட் பிராமிச்சிலும் ஸ்மெதிக்கிலும் தேசி பப் என்றால் தெரியாதவர் இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் வெங்காயத்தின் மேல் கறி சுர்ரென்று பொரிய வரும், பக்கத்து மேசையில் வெள்ளைக்காரக் கிழவர் அதையே கேட்டு உட்கார்ந்திருப்பார். உனக்குப் பனீர் டிக்கா உண்டு. நான் பார்த்த பப் சாப்பாட்டில் இதற்கு மேல் ஒன்று இல்லை. பையைப் பற்றி மேலே எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது பாட்டுக்காரன். கடைசி வருஷம் அவன் குடித்தது எல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. எத்தனை குடித்தான் என்று எண்ண ஒருத்தர் இல்லை. இங்கே போதையில் இருக்கிறவனுக்குத் தெரிந்தே மேலும் விற்பது சட்டப்படி குற்றம். எங்கள் ஆளுக்குச் சட்டம்கூடத் தேவையில்லை, "இன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போ" என்று பெயர் சொல்லிச் சொல்வார். ஜனவரிக் குளிரில் ஜன்னல் ஓரக் கிழவர் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை என்று கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். படிக்கட்டுக்கு அடியில் விழுந்து கிடந்தார் மனுஷர். இடுப்பெலும்பு ஆறி, இப்போது மறுபடி ஜன்னல் ஓரம். பாட்டுக்காரன் வரவில்லை என்று போய்ப் பார்க்க இப்படி ஒரு இடம் இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை, மாப்ளே. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். ஹிம்லியில் க்ரூக்கட் ஹவுஸ் என்று ஒரு பப், அடியில் சுரங்கம் தோண்டியதால் ஒரு பக்கம் சரிந்துபோன 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேல்நோக்கி உருளுவது போல் தெரியும். போன தடவை நீ வந்தபோது அங்கேதான் உன் பேனாவை உருட்டி உருட்டிப் பார்த்தாய். அதை விற்ற கொஞ்ச நாளில், 2023 ஆகஸ்டில், தீப்பிடித்தது. இரண்டே நாளில் அனுமதி இல்லாமல் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். திரும்பக் கட்டு என்று அடுத்த பிப்ரவரியில் கவுன்சில் உத்தரவு போட்டது. கட்ட முடியாது என்று இல்லை. லண்டனில் கார்ல்ட்டன் டேவர்னை 2015இல் இதே மாதிரி இடித்தார்கள், செங்கல் செங்கலாகப் பழையபடி கட்ட வைத்தார்கள், 2021இல் திறந்துவிட்டார்கள்.

அவர்கள் இடிக்கும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. ஊர்ப் பொதுச்சொத்து என்று பதிவு செய்ய 2011 சட்டத்தில் வழி இருக்கிறது. பதிவானால், விற்பனைக்கு வரும்போது ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். லண்டனில் ஐவி ஹவுஸை 2013இல் இந்த வழியில்தான் வாங்கினார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே கம்ப்ரியாவில் ஓல்டு கிரவுன் என்கிற கிராமத்துப் பப்பை ஊர்க்காரர்கள் கூட்டுறவாக வாங்கி நடத்தத் தொடங்கிவிட்டார்கள். நேற்று டோமினோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து கவுன்சிலுக்கு விண்ணப்பம் எழுதினோம். நிலவறையை எங்கள் ஆளே கவனித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், சம்பளத்துக்கு.

இப்போது உன் உதவி வேண்டும். கூட்டுறவுத் துறையில் உனக்குத் தெரியாத தகராறு இல்லை. இங்கேயும் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். குறைந்தபட்சப் பங்கை எவ்வளவு சின்னதாக வைத்தால், பென்ஷன் வாங்குகிற கிழவர்களும் சேர முடியும், கணக்கும் தாங்கும்? ஒரே நேரத்தில் நாலு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன விதி எழுதி வைக்க வேண்டும்? உங்கள் நெசவாளர் சங்கத்தில் அந்தப் பிரச்சினை வந்து நீ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தீர்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்த விதியை அப்படியே எழுதி அனுப்பு. அடுத்த மாதம் இரண்டாம் வியாழன் கூட்டம், அதற்கு முன் என் கையில் இருக்க வேண்டும். கல்யாண வேலையில் இருப்பாய், தெரியும். குண்டுவைப் பந்தல்காரனோடு பேச அனுப்பிவிட்டு நீ இதற்கு உட்கார்.

அன்புடன்,
உன் மாப்ளே