முட்டை ஓட்டுப் பொடி

செங்கோட்டை
ஞாயிறு ராத்திரி

அன்பு மகள் கோமுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய போட்டோ வந்தது. இரண்டு மாசம் கழித்து உன்னிடமிருந்து ஒரு நாய்க்குட்டிப் படமும், கீழே "இதுக்கு வீட்லயே என்ன செஞ்சு குடுக்கலாம்மா?" என்று ஒரு வரியும். சரி, அதாவது வந்ததே. போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியிடம் சொன்னால் வாட்ஸ்அப்பில் அடித்துத் தருவான்தான். ஆனால் அவன் படிப்பான். இது உன் ஆபீஸ் விலாசத்துக்கு வரும்.

குட்டி லட்சணமாக இருக்கிறது. இரண்டு மாசம் இருக்குமா? உடம்பு ஒடுங்கி வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறதே, அது கொழுப்பு இல்லை, பூச்சி. முதலில் டாக்டரிடம் காட்டி எடை போட்டு, அதற்குத் தக்கபடி பூச்சிமருந்து கொடு. மூன்று மாசத்தில் வெறிநாய்த் தடுப்பூசி, அப்புறம் டாக்டர் சொல்கிற தேதியில் அடுத்தது, அதற்கப்புறம் வருஷா வருஷம். உங்கள் எர்ணாகுளம் பக்கத்தில் நாய்க்கடிச் செய்தி இல்லாத நாளே இல்லை. பேர் வைத்தாயா? மலையாளத்தில் நாய் என்றால் பட்டிதானே, அக்கம்பக்கத்தில் எல்லாரும் 'பட்டிக்குட்டி, பட்டிக்குட்டி' என்று கூப்பிடுவார்கள், அதுவே பேராகிவிடப் போகிறது. தாத்தா ஞாபகம்தான் வருகிறது. திருவிதாங்கூர் காலத்தில் மலையாளம் படித்தவர். 1956 நவம்பரில் நம்ம ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்த பிறகும், கோபம் வந்தால் வாயில் வருவது 'பட்டி'தான்.

மாப்பிள்ளைக்குத் தும்மல் சரியாகிவிட்டதா? மறுவீட்டுக்கு வந்தபோது பெரியம்மா வீட்டு நாய் திண்ணையில் படுத்திருந்ததற்கே கண் சிவந்து, மூக்கு ஒழுகி, விடிய விடிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாரே. இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரோ என்னவோ. சும்மா கேட்டேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அரைக்கிலோ கோழிக்கறி, எலும்பில்லாததாக வாங்கு. அரை டம்ளர் அரிசி. ஒரு காரட், ஒரு துண்டு மஞ்சள் பூசணி, பீன்ஸ் இருந்தால் நாலு. எல்லாவற்றையும் பொடியாக அரிந்து, தண்ணீர் தாராளமாக விட்டு, குக்கரில் குழைய விடு. உப்பு வேண்டாம், மிளகாய் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தாளிப்பு வேண்டவே வேண்டாம். சோறு கூடுதலாக, கறி ருசிக்கு என்று நாம் செய்கிற மாதிரி செய்யாதே. கறிதான் முக்கியம், சோறு துணைக்கு. வாரத்தில் இரண்டு நாள் ஒரு துண்டு ஈரல் சேர், அதற்கு மேல் வேண்டாம். நன்றாக ஆறியதும் வை. ராத்திரி சோம்பலாக இருந்தால் ஒரு அவித்த முட்டையைச் சோற்றில் பிசைந்து வைத்தாலும் போதும்.

சாளை கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே மத்தி என்பீர்கள். கொல்லத்திலிருந்து மீன் ஏற்றி வருகிறவர் இப்போதும் நம்ம தெருவுக்கு வருகிறார், வயசாகிவிட்டது, உன்னைக் கேட்டார். சாளையைக் குடல் எடுத்து, கூடுதலாகவே விசில் விட்டு வேகவை. முள்ளை விரலில் நசுக்கினால் மாவாக வேண்டும். மாவாகவில்லையென்றால் இன்னொரு தடவை வை. அந்த முள்ளைத் தவிர வேறு எந்த எலும்பும் அதன் வாயில் படக் கூடாது. வெந்த எலும்பு போடாதே. கோழி எலும்பும் வேண்டாம், ஆட்டெலும்பும் வேண்டாம்.

குட்டிக்கு நாள் முழுக்கப் பிரித்து நாலு வேளை. ஆறு மாசம் வரைக்கும் மூன்று, அப்புறம் காலையும் ராத்திரியுமாக இரண்டு. புதுச் சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றினால் பேதி ஆகும், பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்று. பால் ஊற்றாதே, நிறைய நாய்களுக்கு ஆகாது, வேண்டுமானால் ஒரு கரண்டி தயிர். வெங்காயம், பூண்டு இரண்டும் வேண்டாம். ரத்தத்தில் சிவப்பணுவை உடைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். நாம் அந்தக் காலத்தில் மிச்சச் சாம்பார்ச் சோறுதானே வைத்தோம், என்னத்தைச் சொல்ல. திராட்சையும் ஆகாது, கிட்னி போய்விடும். ஓணத்துக்கு ஆபீஸில் பாயசம் கொடுத்தால் மிச்சத்தை அதற்கு வைத்துவிடாதே, அதில் கிஸ்மிஸ் கிடக்கும். சாக்லேட்டும் அப்படித்தான்.

கறியும் சோறும் மட்டும் தின்று வளர்கிற குட்டிக்குக் கால் வளைந்துவிடும். கறியில் சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு. அதற்குத்தான் முட்டை ஓடு. 28 வருஷம் சத்துணவில் இருந்தவளுக்கு முட்டை ஓட்டைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். 120 பிள்ளைகளுக்கு அவித்து உரித்து, ஓட்டைக் கூடை கூடையாகக் கறிவேப்பிலைக்குப் போட்டவள். அவித்த முட்டையின் ஓட்டை உள்தோல் நீக்கிக் கழுவு, வெயிலில் காயவை, இரும்புச் சட்டியில் சூடேற்றி, மிக்சியில் நைஸாக அரை. விரலில் தடவினால் நறநறவென்று இருக்கக் கூடாது, கோலமாவை விட மெல்லிசாக வர வேண்டும். மேலே சொன்ன அரைக்கிலோ கறிக்கு அரை டீஸ்பூன் கணக்கு. இதையும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். குட்டிக்கு வீட்டுச் சாப்பாடு மட்டும் போதாது, கடையில் விற்கிற குட்டி நாய்த் தீனியும் கலந்து கொடு என்றால் அப்படியே செய். அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

ஒரே அடுப்பில் வேலை முடியும். குட்டிக்கு உப்பில்லாமல் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் உப்பும் மிளகும் போட்டுத் தாளித்தால் உனக்கு ஆச்சு. உங்கள் இரண்டு பேருக்கும் ஆச்சு. சாப்பிடுகிறாய்தானே? படத்தின் ஓரத்தில் உன் கை தெரிந்தது, வளையல் முழங்கை வரைக்கும் போகும் போலிருக்கிறது. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன் என்று கோபப்படாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் கம்பி பச்சையாக இருந்தது. நாங்கள் வந்து தங்கிய வீட்டில் வெள்ளைக் கம்பி. தரையும் அந்தத் தரை இல்லை. சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு. பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று அப்பா சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஆவணியில் மகேஷுக்குக் கல்யாணம். அத்தை உன்னைக் கேட்டாள், லீவு கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம்ம குடும்பத்தில் சொந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்த பெண் நீ ஒருத்திதான். எதிர்வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவர்கள் பிள்ளையைத் திட்டுகிறார்கள். எனக்கு அது பெருமைதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் விழுந்து முட்டி பெயர்ந்து வந்தபோதும் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு 'ஒண்ணுமில்ல' என்று சொன்னவளும் நீதான். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

எலும்பு போடாதே என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். சொல்லிவிடுகிறேன். ஜிம்மியைப் பாம்பு கடிக்கவில்லை.

2013 தீபாவளி சனிக்கிழமை. மறுநாள் நீ பரீட்சை என்று ஹாஸ்டலுக்குப் போனாய். அன்றைக்கு மத்தியானம் மிச்சக் குழம்பிலிருந்து ஆட்டெலும்பை எல்லாம் வழித்து அதன் பச்சைத் தட்டில் போட்டது நான். அப்பா வேண்டாம் என்றார். நாய்க்கு எலும்பு போடாமல் உங்களுக்கா போடுவார்கள் என்று சிரித்தேன். திங்கள்கிழமை வாந்தி எடுத்தது. முதுகை வளைத்துக்கொண்டு வேலியோரம் முக்கி முக்கி நின்றது, ஒன்றும் வரவில்லை. டாக்டர் தென்காசிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். போய்வர ஆட்டோ 400 ரூபாய். மறுநாள் எனக்கு ஆடிட், முட்டைக் கணக்கு எழுதி முடிக்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்றேன். செவ்வாய்க்கிழமையும் அதையேதான் சொன்னேன். புதன்கிழமை கொண்டுபோனபோது வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டே குடல் கிழிந்திருக்கும், தாங்காது என்றுவிட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் மடியிலேயே போய்விட்டது. கடைசி வரைக்கும் என் கையை நக்கிக்கொண்டிருந்தது. ஆறு வயசுகூட முடியவில்லை.

உனக்குப் பரீட்சை நடக்கிறதே என்று பாம்பு கடித்துவிட்டது என்றேன். நீ அப்பாவைத்தான் பிடித்தாய். வேலிக்காட்டை வெட்டச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் என்று போனிலேயே கத்தினாய், அந்த லீவு முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் உண்ணிச்செடியை எல்லாம் வெட்டினார், உள்ளங்கை இரண்டும் கொப்பளம். அவருக்குத் தெரியும், நான் சொல்வேன் என்று பார்த்தார். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன், வேலை கிடைக்கட்டும் என்று இருந்தேன், கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அவர் முற்றத்தில்தான் படுத்திருக்கிறார். அவருக்கு ஒரு போன் பண்ணு. எனக்குப் பண்ணாவிட்டாலும் பரவாயில்லை.

முட்டை ஓடு பத்து நாளாகச் சேர்த்து, அரைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி போட்டு வைத்திருக்கிறேன். ஆபீஸுக்கு வெள்ளைப் பொடி பார்சல் வந்தால் என்ன ஏது என்று பிரித்துப் பார்ப்பார்கள் என்கிறார் அப்பா. பாலருவி ரயிலில் ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றும் சொல்கிறார். வீட்டுக்குள் வரவேண்டும் என்றுகூட இல்லை, வாசலில் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவாராம். தேங்காய் எண்ணெயும் உளுந்தும் கொடுத்துவிடுகிறேன்.

விலாசம் எழுதி அனுப்பு. பச்சைக் கம்பி வீட்டு விலாசம்.

அன்புடன்
அம்மா