இலை இல்லாத மாதத்தில் குறி போட்டவர்களுக்கு

எங்கள் நகரப் பூங்காக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மடலை ஆங்கிலத்தில் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். நியூ ஜெர்சியின் இந்தப் பக்கத்தில் காலை நடைக்கு வரும் நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன். அவர்களில் பலருக்குப் பீச் என்றால் மெரினா, இல்லாவிட்டால் பழம். நான் சொல்வது ஓடையோரம் யானைக்கால் போல ஊன்றி நிற்கும், பட்டையில் வெடிப்பே இல்லாத சாம்பல் நிற மரம்.

ஜனவரியில் அந்த மரங்கள் எல்லாவற்றின்மேலும் ஆரஞ்சுச் சாயம் பூசியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன், 34. 'இலைநோய் கண்டவை, அகற்றப்படும்' என்று பலகையும் வைத்திருக்கிறீர்கள். இலைநோயை இலை உதிர்ந்த மாதத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இளமரங்களில் வைக்கோல் நிறச் சருகுகள் வசந்தம்வரை ஒட்டிக்கொண்டிருக்கும், உண்மைதான். அவற்றையும் யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் போன ஜூனில் பார்த்தேன். அடியில் நின்று இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் போதும்: நோய் கண்ட இலையில் நரம்புகளுக்கு இடையே கரும்பச்சைப் பட்டைகள் ஓடும். முற்றிய நிலையில் இலை தோல்போலத் தடித்துச் சுருங்கிவிடும். அப்படிப்பட்டவை நிறைய இருந்தன, மறைக்கவில்லை. ஆனால் 5 மரங்களில் தேடியும் ஒரு பட்டைகூட அகப்படவில்லை. அந்த ஐந்துக்கும் இன்று சாயம் பூசப்பட்டிருக்கிறது.

இந்த நோயை முதலில் கவனித்தது 2012இல், ஓஹையோவின் லேக் கவுண்டியில். காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு. ஊசிபோல நீண்ட பீச் மொட்டுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, இலை விரியும் முன்பே உள்ளே இருந்து கெடுத்துவிடுகிறது. இத்தனை மாநிலங்களுக்குப் பரவிவிட்ட பிறகு ஒரு பூங்காவின் மரங்களை வெட்டிப் புழுவைத் தடுத்துவிடலாம் என்பது ஏரி உடைந்த பிறகு வாய்க்காலை அடைப்பது போலத்தான்.

செஸ்ட்நட் மரத்துக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் தென்பட்ட பூஞ்சை, சில பத்தாண்டுகளில் அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் அந்த மரத்தையே காலி செய்தது. எப்படியும் சாகப்போகிறது, மரமாவது காசாகட்டும் என்று நல்ல மரங்களையும் வெட்டித் தள்ளினார்கள். நோயைத் தாங்கியிருக்கக்கூடிய மரங்களும் அவற்றோடு போயிருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்?

பாதைமேல் சாய்ந்திருப்பவற்றை, பட்டுப்போன கிளை தொங்குபவற்றை வெட்டுங்கள். அடியில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மற்றவற்றை ஜூன்வரை விட்டுவையுங்கள். இலை விரிந்ததும் உங்களில் ஒருவர் ஒரு காலைப்பொழுது என்னோடு வந்தால் போதும். அந்த ஐந்து மரங்களும் மரப்பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் வரிசையாக நிற்கின்றன.

இப்படிக்கு,
தினமும் அந்த வழியே நடப்பவன்