எங்களுக்கு ஆனி ஆடிதான் சீசன்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வந்த ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோவுல பேசறது) கட்டுரைய இங்க டர்பன்ல உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். தமிழ்ல இந்த விஷயத்த எழுதறவங்களே கம்மி, அதுக்கு மொதல்ல என் நன்றி. ஆனா அதுல 160 மீட்டர், 80 மீட்டர், 40 மீட்டர் பேண்டெல்லாம் (அலைநீளத்த வச்சு பேர் வச்ச அலைவரிசைங்க) ராத்திரி நீளமா இருக்கற டிசம்பர் ஜனவரியில, அதுவும் ராத்திரியிலதான் எடுக்கும், பகல்ல ஒண்ணுக்கும் ஆகாதுன்னு போட்டிருந்தீங்க. இத நம்பி மொரீஷியஸ்லயோ ஆஸ்திரேலியாவுலயோ ஒரு பையன் புதுசா ரிக், அதாவது பேசவும் கேக்கவும் ஆகற ரேடியோ செட், வாங்கி டிசம்பர் மாசம் ஆன் பண்ணான்னா வெறும் பொரியற சத்தம்தான் கேக்கும், ஒரே வாரத்துல மூட்டை கட்டி வச்சிருவான், அதனாலதான் இந்த லெட்டர்.

நான் தூத்துக்குடிக்காரன். சின்ன வயசுல எங்க வீட்டு ரேடியோவுல இலங்கை வானொலி பகல்லயே கணீர்னு கேக்கும், நடுவுல இருக்கறது கொஞ்சூண்டு கடல்தான, உப்புத்தண்ணி மேல மீடியம்வேவ் தரையோட தரையா நல்லா ஓடும். ஆனா முள்ள திருப்பிக்கிட்டே போனா எங்கெங்கயோ இருக்கற ஸ்டேஷனெல்லாம் பொழுது சாஞ்ச பெறகுதான் ஒண்ணொண்ணா வரும். அப்ப எனக்கு காரணம் தெரியாது. லைசென்ஸ் பரீட்சைக்கு படிக்கும்போதுதான் புரிஞ்சுது. நமக்கு மேல 60 கிலோமீட்டர்ல இருந்து 90 கிலோமீட்டர் வரைக்கும் டி லேயர்னு ஒண்ணு பகல்ல மட்டும் உண்டாகுது, வெயில் அடிச்சா அங்க இருக்கற காத்துல இருந்து எலக்ட்ரான் பிரியும், ஆனா அந்த உயரத்துல காத்து இன்னும் கொஞ்சம் அடர்த்தியாத்தான் இருக்கு, அதனால நம்ம சிக்னல் அந்த எலக்ட்ரான அசைச்ச உடனே அது போய் பக்கத்து மூலக்கூறுல முட்டி, சிக்னலோட சக்தி சூடா மாறி வீணாப்போயிரும். சூரியன் எறங்கின கொஞ்ச நேரத்துல அந்த லேயரே கரைஞ்சிரும், அப்புறம் சிக்னல் நேரா மேல போய் 300 கிலோமீட்டர் பக்கம் இருக்கற எஃப் லேயர்ல பட்டு தூரதேசத்துல எறங்கும்.

இந்த டி லேயர் எல்லா பேண்டையும் ஒரே மாதிரி முழுங்காது, கட்டுரையில விட்டுப்போன முக்கியமான சங்கதி இது. ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்கானா டெசிபல் கணக்குல இழப்பு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்காயிரும். 3.5 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது 80 மீட்டர்ல, நடுப்பகல்ல தவிக்கற சிக்னல் 7 மெகாஹெர்ட்ஸ்ல, அதாவது 40 மீட்டர்ல, நிம்மதியா போகும். 1.8 மெகாஹெர்ட்ஸ், அந்த 160 மீட்டர், பகல்ல பக்கத்து ஊரத் தாண்டறதே பெரும்பாடு. ஆக மூணையும் ஒரே கூடையில போட்டு பகல்ல ஆகாதுன்னு சொல்லவே கூடாது.

இத நான் புஸ்தகத்த வச்சு மட்டும் சொல்லல. 2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், டர்பன் இருக்கற இந்த க்வாஸூலு நேட்டால் மாகாணத்துல 400 பேருக்கு மேல செத்துப்போனாங்க, ரோடு, பாலம், வீடெல்லாம் அடிச்சிட்டு போச்சு, கரண்ட் இல்லாம செல்போன் டவரும் ஏகப்பட்டது படுத்திருச்சு. அந்த வாரம் நிவாரண சாமான் அனுப்பற ஒரு குழுவுக்கு எங்க நாலஞ்சு பேர ரேடியோ பாத்துக்க சொன்னாங்க, அவங்க போட்ட அட்டவணையில மத்தியானம் ஒரு மணிக்கு 80 மீட்டர், ராத்திரி எட்டு மணிக்கு 40 மீட்டர்னு தலைகீழா இருந்துச்சு. மொத நாள் ஒரு மணிக்கு ஜோஹானஸ்பர்க்க கூப்பிட்டு கூப்பிட்டு தொண்டை வறண்டுச்சு, அங்க இருந்து ஏதோ முணுமுணுப்புதான் வந்துச்சு. நேர்கோட்டுல 500 கிலோமீட்டர் தூரம். ராத்திரி 40 மீட்டருக்கு போனா அதுக்குள்ள மேல எஃப் லேயர் மெலிஞ்சிருக்கு, நல்லா நிமிந்து மேல போற சிக்னல திருப்பி அனுப்ப அதால முடியல, சிக்னல் அவங்க தலைக்கு மேலயே தாண்டி ரொம்ப தூரத்துல போய் விழுது, ஜோஹானஸ்பர்க்குக்கு கேக்கல. ரெண்டு வேளையும் போச்சு, எத்தன பேருக்கு போர்வை தேவைன்னு ஒரு கணக்கு போய்ச்சேர அடுத்த நாள் காலையில ஆச்சு. அப்புறம் ஒருத்தர் அட்டவணைய மாத்தி, வெயில் இருக்கறப்ப 40, இருட்டுனா 80ன்னு எழுதினாரு, கண்ணாடி மாதிரி பேச முடிஞ்சுது. ஒரே ரிக், ஒரே கம்பி, ஒரே ஆளுங்க. அந்த ஒரு நாள நெனச்சா எனக்கு இன்னிக்கும் மனசு ஆறல.

இப்ப மாசக் கணக்குக்கு வர்றேன். பூமியோட தெற்குப் பாதியில எல்லாம் மாறி நடக்கும். டர்பன்ல ஜூன் மாசம் நடுப்பகல் சூரியன் 37 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும், டிசம்பர்ல 83 டிகிரிக்கு மேல, கிட்டத்தட்ட உச்சந்தலையில நிக்கும். அதனால ஆனி ஆடியில இங்க டி லேயர் சோம்பலா இருக்கும், 80 மீட்டர்ல பகல்லயே 150, 200 கிலோமீட்டர் சாதாரணமா பேசிரலாம், ராத்திரியும் பதிமூணே முக்கால் மணி நேரம் நீளம். தூத்துக்குடியில பாத்தீங்கன்னா வருஷம் பூரா நடுப்பகல் சூரியன் 57 டிகிரிக்கு கீழ எறங்கறதே இல்ல, ராத்திரி நீளமும் அவ்வளவா மாறாது. அப்ப தமிழ்நாட்டுல மார்கழி தை ஏன் நல்லா இருக்குன்னா அது ராத்திரி நீளத்துனால இல்ல, இடி மின்னல் ஓய்ஞ்சிருக்கறதுனாலதான். கட்டுரையில காரணம் மாறிப்போச்சு.

இங்க அதே மார்கழியில ஹைவெல்ட் பக்கம், அதாவது ஜோஹானஸ்பர்க் இருக்கற மேட்டு நெலத்துல, சாயங்காலமானா இடி கொட்டும், ஒவ்வொரு மின்னலும் 80 மீட்டர்ல படார் படார்னு வந்து விழும். காங்கோ பக்கம் வேற, உலகத்துலயே மின்னல் அதிகமா அடிக்கற எடத்துல அதுவும் ஒண்ணு, டி லேயர் கரைஞ்ச உடனே அந்த இரைச்சலும் சேந்து வந்து குந்திக்கும். பகல்ல நம்ம சிக்னல முழுங்கற அதே லேயர்தான் அந்த தூரத்து இரைச்சலையும் முழுங்குது, இத யாரும் சொல்றதில்ல.

மனுஷன் போடற இரைச்சல் தனி. 2023ல லோட் ஷெட்டிங் ஆறாம் ஸ்டேஜ்ல, அதாவது மொறை வச்சு கரண்ட்ட ரொம்ப நேரம் நிறுத்தினப்ப, தெருவே இருட்டாகறப்ப எங்க ஆளுங்க பேட்டரியில ரிக்க போட்டு காது குளிர கேட்டோம், டிவி, சார்ஜர், எல்இடி பல்பு எதுவும் இல்லாம பேண்ட் அப்படியே கிராமத்து ராத்திரி மாதிரி அமைதியாயிரும். அப்புறம் வீட்டுக்கு வீடு சோலார் வந்துச்சு, மலிவு இன்வெர்ட்டர் போடற சத்தம் இப்ப பகல்ல 80 மீட்டர மூடிருச்சு.

சென்னைக்கும் டர்பனுக்கும் சுமார் 7000 கிலோமீட்டர். ஜூன்ல இங்க அஞ்சு மணிக்கு பொழுது சாயறப்ப அங்க எட்டரை, ஏற்கனவே இருட்டு, அங்க விடியற வரைக்கும் ஒம்பது மணி நேரம் பாதை பூரா இருட்டுதான். டிசம்பர்லயும் எட்டு மணி நேரம் கெடைக்கும், பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா இங்க அமைதியா இருக்கறப்ப அங்க இடி, அங்க அமைதியா இருக்கறப்ப இங்க இடி. என் அனுபவத்துல ரெண்டு பக்கத்துக்கும் ஒத்து வர்றது பங்குனி மாசம்தான், இங்க இடி கொறைய ஆரம்பிச்சிருக்கும், அங்க கோடை மழை இன்னும் பெருசா தொடங்கியிருக்காது.

அடுத்த வாரம் ரெண்டு வரி திருத்தம் போட்டீங்கன்னா போதும் ஐயா. காலண்டர் மாசத்த பாக்காம அவங்கவங்க ஊர்ல சூரியன் எவ்வளவு உயரம், இடி இருக்கா இல்லையான்னு பாக்க சொல்லுங்க, பகலுக்கு 40 மீட்டர், ராத்திரிக்கு 80ன்னு தனித்தனியா போடுங்க. தமிழ்நாட்டு ஹாம் நண்பர்கள் யாராவது இத படிச்சா பங்குனி கடைசி வாரம் உங்க நேரம் ராத்திரி பதினொன்றரைக்கு 7 மெகாஹெர்ட்ஸ்ல காது குடுத்து பாருங்க, இங்க அப்ப எட்டு மணி, நான் கூப்பிட்டுக்கிட்டு இருப்பேன்.

73 (ஹாம் பாஷையில வாழ்த்துக்கள்),
சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு தூத்துக்குடி வாசகன்
டர்பன், தென்னாப்பிரிக்கா