ஆட்டுவித்தவரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலைநாட்டு நடனமான பாலே என்றதும் நம் கலைப் பக்கங்களில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பெயர் தவறாமல் வந்துவிடுகிறது. ருக்மிணி தேவி அருண்டேலை நம் நாட்டு நடனத்தின் பக்கம் திருப்பியவர் என்ற வகையில் அது நியாயமே. ஆனால் பாவ்லோவா பயின்ற அதே செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பாலே பள்ளியில், அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பாக, 1897இல் தேறிய அக்ரிப்பினா வாகனோவாவைப் பற்றி யாரும் எழுதக் காணோம். இன்று பல நாடுகளில் பாலே கற்கும் பிள்ளைகள் பழகுவது வாகனோவா வகுத்த முறையைத்தான்.

அந்நகரின் மாரின்ஸ்கி நாடக அரங்கின் கடைநிலை ஊழியர் ஒருவரின் மகள் அவர். அன்றைய நாயகிகளுக்கு எதிர்பார்க்கப்பட்ட உடல்வாகு அவருக்கு இல்லை. நடன அமைப்பாளர் மாரியஸ் பெட்டிபாவின் ஆதரவும் கிட்டவில்லை. தனி ஆட்டங்களின் அரசி என்று விமர்சகர்கள் போற்றியும், முதல்நிலை நாயகி என்ற தகுதி 1915இல்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டே மேடையிலிருந்து ஓய்வு. 1917இன் இறுதியில் கணவர் தற்கொலை செய்துகொள்ள, ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் பிழைப்புக்காகக் கிடைத்த இடங்களில் ஆடினார், பாடம் சொல்லிக் கொடுத்தார். 1921இல் தாம் படித்த பள்ளிக்கே ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவருடைய உண்மையான பெரும்பணி அங்கேதான் தொடங்கியது. பிரெஞ்சு வழியில் கைகள் மென்மையாக அசையும், ஆனால் முழங்கை தொய்ந்துவிடும். இத்தாலிய வழியில் சுழற்சிக்கு வலு உண்டு, ஆனால் கை விறைத்துக்கொள்ளும். இரண்டிலும் நல்லதை மட்டும் எடுத்து, முதுகின் உறுதியிலிருந்தே அசைவு பிறக்க வேண்டும் என்றும், கை வெறும் அலங்காரமாக நில்லாமல் தாவலுக்கும் சுழற்சிக்கும் விசை தர வேண்டும் என்றும் அவர் பயிற்றுவித்தார். ஓர் அசைவு பிசகினால், அது ஏன் பிசகியது என்பதை மாணவியே சொல்ல வேண்டும். தம் இளமையில் அந்தக் காரணங்களை எடுத்துச் சொல்லத் தக்க ஆசிரியர் அமையாத குறையே அவரை இவ்வளவு நுணுக்கமான ஆசிரியராக்கியது என்று நான் நம்புகிறேன். இம்முறையை விளக்கும் அவருடைய பாடநூல் 1934இல் வெளிவந்தது. மரீனா செமியோனோவா, கலீனா உலானோவா, நதாலியா துதின்ஸ்கயா ஆகிய மாபெரும் நாயகியர் அவரிடம் பயின்றவர்கள். மூவருமே பின்னாளில் பயிற்றுநர்களாகி அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். 1951இல் வாகனோவா மறைந்தார். 1957 முதல் அந்தப் பள்ளி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மேடையில் ஆடியவரைக் கொண்டாடும் நாம், அவரை ஆட்டுவித்தவரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது பெருங்குறை. ருக்மிணி தேவிக்குப் பயிற்றுவித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை உள்ளிட்ட நம் நட்டுவனார்கள் எப்படிப் பாடம் சொன்னார்கள், எதைத் திருத்தினார்கள் என்பதை, அவர்களிடம் கற்றவர்களின் வழிவந்தோரைக் கேட்டு எழுதும் தொடர் ஒன்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடங்குமாறும், அதில் வாகனோவாவுக்கும் ஒரு வாரம் ஒதுக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.